குறுக்குக் கோடு

அம்மாவின் கடைவாயில் வழிந்த பாலைச் சின்னவள் துடைத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து யார் என்ன பேசினாலும் ‘ம்’ என்றுகூடச் சொல்லாமல் கிடந்த அம்மாவுக்கு அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ எட்டிவிட்டது.

“பெரியவனா?”

“நான்தாம்மா,” என்றான் அண்ணன். கதவைத் தாண்டுவதற்குள் குரல் உடைந்துவிட்டது அவனுக்கு.

அம்மாவின் வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. துணியும் கிண்ணமுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த சின்னவளின் முகத்துக்கு நேராக எழுந்து, அவளுடைய முடியைக்கூட உரசாமல் தாண்டிப் போய், அந்தப் பக்கம் குனிந்த அண்ணனின் நெற்றியைத் தேடிப் பிடித்தது. கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு குறுக்கே ஒரு கோடு. “பிதா, சுதன்...” என்று தொடங்கியதன் மீதி வாய்க்குள்ளேயே போயிற்று. பின்னால் நின்ற அண்ணிக்கும் ஒரு சிலுவை கிடைத்தது. சின்னவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அந்தக் கை தன்னைத் தாண்டிப் போவது அவளுக்குப் புதிதா என்ன? அவள் வளர்ந்த வீட்டில் விளக்கு வைத்ததும் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் அம்மா நாற்காலியில் உட்காருவாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க, நெற்றியில் சிலுவை போட்டுத்தான் சாப்பாட்டுக்கு அனுப்புவாள். காய்ச்சலோ பரீட்சையோ, வீட்டில் சண்டையோ சச்சரவோ, அது மட்டும் நின்றதில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பகல் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுச் சூடு பட்டுச் சூடு பட்டு அந்தக் கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கும். நெற்றியில் சொரசொரவென்று இழுக்கும். சின்ன வயதில் அவளுக்கு அது கூசும். சிரித்தால் அம்மா தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு முதலிலிருந்து போடுவாள்.

சின்னவள் கட்டிக்கொண்டவர் ஏற்கெனவே ஒருமுறை கோயிலில் கல்யாணம் செய்தவர். அந்த முதல் மனைவி வேறொருவரோடு போய்விட்டாள் என்றாலும் எங்கோ உயிரோடு இருந்தாள். ஆகவே கோயிலில் தாலியும் கிடையாது, மோதிரமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அம்மா சாபம் விடவில்லை, கதவைச் சாத்தவில்லை. சோறு போட்டாள். புதுப் போர்வை எடுத்துக் கொடுத்தாள். செபமாலை முடிந்து சின்னவள் வழக்கம்போல முன்னால் போய் நின்றபோது மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “நீ போய்ச் சாப்பிடு,” என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட ஒருநாள் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே போடாதவளோடு எப்படிச் சமாதானம் ஆவது?

மற்றபடி குறை சொல்ல முடியாத அம்மா. சின்னவளுக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்தான். பேத்திக்குச் சிட்டு என்று செல்லப்பெயர் வைத்து, ஞானஸ்நானத்துக்குத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு மருமகன் கோயில் வாசலில் எல்லாருடைய செருப்புக்கும் காவலாக நின்றார். சிட்டுவுக்கு நடை வருவதற்கு முன் கை கூப்ப வந்தது. அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிஞ்சு நெற்றியில் ஒரு சிலுவை விழும். பக்கத்திலேயே பெற்றவள் நிற்பாள்.

பிறகு சின்னவளின் கணவர் இறந்தார். லாரி ஓட்டிவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அம்மா வந்தாள், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்தாள், அழுதுகொண்டிருந்த சிட்டுவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். கூட்டம் கலைந்ததும் மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கடவுள் வழி விட்டுட்டார்டி. இனி நீ சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடலாம். பூசையில நன்மை அப்பம் வாங்கலாம். நானும் உனக்கு...” என்று நெற்றியைப் பார்த்தாள்.

“என்னனு சொல்லிப் பண்ணச் சொல்ற?”

“அந்த மனுஷன்கூட இருந்தது பாவம்னு சொல்லு. ஒரு வார்த்தைதானே?”

அவர் படுத்துக்கிடந்த பாய்கூட இன்னும் சுருட்டப்படவில்லை. “சொல்ல மாட்டேம்மா,” என்றாள் சின்னவள். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அண்ணிக்கும் மாமியாருக்கும் ஒத்துவராமல் அம்மா பெட்டியோடு சின்னவளின் வீட்டுக்கே வந்து சேர்ந்த பிறகும் அந்த ஒரு வார்த்தை இருவருக்கும் நடுவில் நகராமல் கிடந்தது. இவள் சொல்லவில்லை. அவள் போடவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் வெளியில் தேட வேண்டியதில்லை.

சமையலறைக்கு அண்ணி வந்தாள். “டீ போடவா?” என்று கேட்டுக்கொண்டே அடுப்பைத் தேடினாள். மாமியார் இங்கே வந்ததிலிருந்து இந்தச் சமையலறைக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

மதியம் சாமியார் வந்தார். இளவயதுக்காரர். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. சின்னவள் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தாள். சாமியார் அம்மாவின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் கடைசி நேரத்து மந்திர எண்ணெய் பூசி, நன்மை கொடுத்தார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, “ஃபாதர், என் மக இருக்கா. அவளும் பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும். நான் இருக்கும்போதே பண்ணட்டும்,” என்றாள்.

சாமியாருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “இன்னைக்கு உங்களுக்காகத்தாம்மா வந்தேன்,” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து சின்னவளிடம் தாழ்ந்த குரலில், “கட்டாயம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மனசு இருந்தா நான் இங்கயே நிக்கறேன்,” என்றார்.

“எதைப் பாவம்னு சொல்ல ஃபாதர்? அவர்கூட வாழ்ந்ததையா, எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்ததையா?”

“அப்படிக் கேட்டா நான் என்ன சொல்ல...”

“ஒருதடவை அம்மா இங்க வந்திருந்தப்ப, லிஃப்ட் ஓடாத நாள்ல மூச்சுத்திணறல் வந்துச்சு. முதுகுல தூக்கிட்டு இந்த மாடிப்படி எல்லாம் இறங்கினவர் அவர். கீழ வந்து சேர்ற வரைக்கும் அம்மா ‘யேசுவே’ன்னு அவர் காதுலயே கத்திட்டு வந்தாங்க. அந்த மனுஷனைத்தான் பாவம்னு சொல்லச் சொல்றாங்க.”

சாமியார் எண்ணெய்ச் சிமிழைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அறைக்குள்ளிருந்து, “பண்ணிட்டாளா?” என்று அம்மா கேட்டாள். அண்ணன் இவளைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. இவள் தலையை அசைத்தாள். “இல்லம்மா,” என்றான் அவன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

சுவரென்ன, மனிதரென்ன, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கண்ணில் புரை முற்றி வெகுகாலம் ஆகியிருந்தது. சின்னவள் வேலை பார்ப்பதோ மூக்குக்கண்ணாடிக் கடை. ஒவ்வொரு கண்ணாடியிலும் கண்ணின் பாப்பா விழும் இடத்தில் பேனாவால் சின்னக் கூட்டல்குறி போட்டு, விளிம்பைச் செதுக்கி, சட்டத்தில் பொருத்திவிட்டு அந்தக் குறியைத் துடைத்து எடுப்பாள். நாள் முழுக்க அதே வேலை. ஊரில் உள்ள கண்களுக்கெல்லாம் வெளிச்சம் காட்டினாள், பெற்றவளைப் புரை எடுக்கச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. “கடவுளைப் பாக்க எதுக்குடி கண்ணு?” என்று முடித்துவிட்டாள் அம்மா. இவள் செய்து கொடுத்த தடிமனான கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். அதில் ஒன்றும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் மூச்சின் போக்கு மாறியது. எதிர்வீட்டு நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். “சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க,” என்றாள். சொல்ல வேண்டியவள் சிட்டு மட்டும்தான். விடுதியிலிருந்து கிளம்பிவிட்டாள், பஸ் வழியில் ரிப்பேராகி நிற்கிறது என்று அழுதுகொண்டே போன் செய்திருந்தாள்.

விளக்கு வைத்துச் செபமாலையைத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு மந்திரம் பாதிக்குமேல் ஓடவில்லை. பண்டிகைக்கு மட்டும் கோயில் போகிறவன் அவன். அதுவும் சில பண்டிகைக்குக் குடித்த போதை தெளியாமல் போயிருக்கிறான். அண்ணி போனைப் பார்த்துப் படித்தாள். தடுமாறாமல் சொன்னவள் சின்னவள் ஒருத்திதான். நன்மை வாங்க முடியாதவள் வாயில் அருள் நிறைந்த மரியே மட்டும் நீரோட்டமாக வந்தது. அம்மாவின் உதடு அவள் குரலைத் தொட்டுத் தொட்டு அசைந்தது.

முடிந்ததும் அம்மா கையைத் தூக்கினாள். “சிட்டு.”

“வந்துட்டே இருக்காம்மா.”

“சிட்டு வரட்டும்.” மூச்சு இழுத்தது. கை அந்தரத்திலேயே நின்றது. “சிட்டு வந்துட்டாளா?”

கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அதே கேள்வி. ஒவ்வொரு தரமும் மூச்சு அடுத்ததைப் பிடிக்கத் திணறியது. அண்ணனால் பார்க்க முடியவில்லை. தங்கையின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“நீ குனியேன்.”

“என்னது?”

“சிட்டு வந்துட்டான்னு நான் சொல்றேன். நீ போய்க் குனி. கண்ணுதான் தெரியலையே. போட்டுட்டு நிம்மதியாப் போகட்டும்.”

“ஏமாத்தச் சொல்றியா அண்ணா? அதுவும் இந்த விஷயத்துல?”

“அவங்க பாடு உனக்குத் தெரியலையா? ஒரு சிலுவைக்காக உசிரைப் பிடிச்சுட்டுக் கிடக்கறாங்க. உன் ரோஷத்தை இப்பவாவது மூட்டை கட்டி வை.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, அது அவளுக்கு மட்டும் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லாமலே, எதையும் பாவம் என்று ஒப்புக்கொள்ளாமலே, அந்தக் காய்த்த விரல் ஒருதரம் தன் நெற்றியில் இழுபட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை. நாற்பதைத் தாண்டிய பிறகும் விடவில்லை.

“அம்மா, சிட்டு வந்துட்டாம்மா!” என்றான் அண்ணன், நாடகத்தில் பேசுவதுபோல.

சின்னவள் கட்டிலருகே முழந்தாளிட்டுக் குனிந்தாள். வாயைத் திறக்கவில்லை. முன்நெற்றியில் தொங்கிய முடியை மட்டும் கையால் ஒதுக்கிக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் தடவித் தடவி வந்தன. கட்டைவிரல் நெற்றி உச்சியில் பதிந்து, மூக்குக்கு மேல் வரை ஒரே இழுப்பாக இறங்கியது. சொரசொரப்பு அப்படியே இருந்தது. மதியம் பூசிய எண்ணெய் வாசம்கூட இருந்தது. பிறகு விரல் எழும்பி, குறுக்குக் கோட்டைத் தொடங்க இடது ஓரத்துக்குப் போனது.

அங்கே அந்தத் தழும்பு இருந்தது. பள்ளிக்கூடம் சேராத வயதில் ஒரு செபமாலையின்போது முழந்தாளிட்டபடியே தூங்கி, மாதா சுரூபம் வைத்த மேசையின் விளிம்பில் போய் விழுந்தபோது கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்தும் அம்மா வாய் நிற்கவில்லை. செபமாலையில் அந்தப் பத்து மணிகளையும் உருட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எழுந்தபின் செருப்புகூடப் போடாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினாள், அதையும் சொல்ல வேண்டும். தையல் போடும்போது குழந்தையைவிடப் பெரிய குரலில் அழுதது அவள்தான். வளர்ந்த பிறகு சின்னவள் அதை முடியால் மறைத்தே பழகிவிட்டாள். குனியும்போது அது நினைவுக்கே வரவில்லை.

விரல் நின்றது. தழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகப் போனது. திரும்பி வந்தது. இன்னொரு முறை போனது. தையல் போட்ட இடங்களில் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நின்றது. சின்னவள் மூச்சு விடவில்லை. அம்மாவும் விடவில்லை போலிருந்தது.

பிறகு அந்தக் கை விலகிப் போர்வைமேல் இறங்கியது.

“சிட்டு இன்னும் வரல,” என்றாள் அம்மா, அன்று முழுக்கப் பேசாத தெளிவோடு. “பெரியவனே, பொய் சொல்லாத.”

தெருவில் கடைகளை அடைக்கத் தொடங்கியபோது ஒரு மூச்சு வெளியே போய், அடுத்தது வராமல் இருந்துவிட்டது. நர்ஸ் வந்து கண்ணிமையை மூடினாள். அண்ணி ஓவென்று கத்தினாள். சின்னவள் தண்ணீர் சுடவைக்கப் போனாள். உடம்பைத் துடைக்க வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும். இந்த வீட்டில் அதையெல்லாம் வேறு யார் செய்யப்போகிறார்கள்?

குளிப்பாட்டி, வெள்ளை உடை உடுத்தி, கையில் செபமாலையைச் சுற்றி முடித்தபோது சிட்டு படியேறி ஓடிவந்தாள். தோள்பையைக் கழற்றாமலே கட்டிலில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“பாட்டி எனக்கு?”

அண்ணன் வேகமாக முந்திக்கொண்டான். “போட்டாங்கடா செல்லம். உங்கம்மா நெத்தியில உனக்குன்னு போட்டு...”

“போடல,” என்றாள் சின்னவள். “உனக்காகக் காத்துட்டிருந்தாங்க. நீ வந்த பிறகுதான்னு சொல்லிட்டாங்க.”

சிட்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு செபமாலை சுற்றிய அந்தக் கையை மெல்ல எடுத்து, கட்டைவிரலைப் பிரித்து, தன் நெற்றியில் தானே சிலுவை வரைந்துகொண்டாள். மேலிருந்து கீழே, அப்புறம் குறுக்கே. கையைத் திரும்ப வைத்துச் செபமாலையைச் சரிசெய்தாள். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாத்தனாரின் முழங்கையை இடித்தாள்.

“நீயும் வாங்கிக்கோயேன். இப்ப யாரு உன்னத் தடுக்கப்போறா?”

“வேணாம் அண்ணி.”

“ஏன், என்ன ஆகிடும்?”

“அந்தக் கை இப்ப யாருக்கு வேணும்னாலும் போடும். எனக்கு வேணாம்.”

மறுநாள் கோயில் நிறைந்துவிட்டது. இத்தனை பேரை அம்மாவுக்குத் தெரியுமா என்று சின்னவளுக்கே வியப்பாக இருந்தது. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்தவர்கள், அம்மா கற்றுக்கொடுத்து மந்திரம் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட நோயாளிகள். ஆளாளுக்கு ஒரு நல்லது சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். யார் கேட்டாலும் தன் பங்குச் சோற்றைக் கொடுத்த மனுஷிதான் அவள். சாமியார் பிரசங்கத்தில் அம்மாவின் கைகளைப் பற்றிப் பேசினார். இந்தத் தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆசீர்வதித்துவிட்டுப் போனார் என்றார். அதைச் சொல்லும்போது முன்வரிசையில் யாரையும் பார்க்காமல் பீடத்துப் பூவைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். நன்மைக்கு எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். பண்டிகைக்கு மட்டும் வரும் அண்ணனும் போனான். சின்னவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லறையில் பெட்டியை மூடுவதற்கு முன், குடும்பத்தார் கடைசியாக நெற்றியில் சிலுவை போடலாம் என்றார்கள். அண்ணன் போட்டான், அழுதான். அண்ணி போட்டாள். சிட்டு போட்டுவிட்டுக் குனிந்து முத்தமும் கொடுத்தாள். பெட்டிக்காரர் மூடியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

சின்னவள் குனிந்தாள். நெற்றி கண்ணாடிபோலக் குளிர்ந்து கிடந்தது. கட்டைவிரலை இடது ஓரத்தில் வைத்தாள். தனக்குத் தழும்பு இருக்கும் அதே இடம். அங்கிருந்து வலது ஓரம் வரை அவசரப்படாமல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். கடையில் குறி போட்டுப் போட்டுப் பழகிய கை, கோடு கொஞ்சமும் கோணவில்லை. நிமிர்ந்துவிட்டாள்.

“என்னடி இது?” என்று அண்ணன் காதோரம் கிசுகிசுத்தான். “குறுக்க மட்டும் போட்டா எப்படி? எல்லாரும் பாக்கறாங்க. முழுசாப் போடு.”

“மத்தது என்கிட்ட இருக்குண்ணா.”

அவனுக்கு விளங்கவில்லை. பெட்டிக்காரர் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடியை இறக்கி, திருகாணிகளை முடுக்கத் தொடங்கினார். சின்னவள் கையை நீட்டி, சிட்டுவின் தலையிலிருந்த ஊசி ஒன்றைக் கழற்றிக்கொண்டாள். நெற்றியில் தொங்கிய முடியைப் பின்னால் வாரி, அந்த ஊசியால் இறுக்கிக் குத்திக்கொண்டு, குழியில் பிடி மண் போடுகிறவர்களின் வரிசையில் போய் நின்றாள்.